ஒரு புட்டி ஒயினும் அதன் கணக்கும்

சின்னசேலம் வட்டத்திலுள்ள நைனார்பாளையம் திராட்சைக்குப் பேர்போன ஊரல்ல. மக்காச்சோளம், பருத்தி, மரவள்ளி, கரும்பு என்று பயிர் மாற்றிப் பிழைக்கும் பகுதி அது. வடமேற்கே கல்வராயன் மலை. அந்த மலையின் பெயர் நாளிதழில் அடிபடும்போதெல்லாம் பேரல் பேரலாகச் சாராய ஊறலைப் போலீசார் கொட்டி அழித்த செய்தியும் கூடவே வரும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த பாக்கெட் சாராயத்தைக் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கள்ளக்குறிச்சி, சேலம், விழுப்புரம் அரசு மருத்துவமனைகளும் புதுச்சேரி ஜிப்மரும் ஒரே வாரத்தில் நிரம்பின.

இப்படியொரு மாவட்டத்திலிருந்து பார்த்தால் ஒயின் என்பது வேறு உலகத்துப் பண்டமாகத் தெரியும். அடிப்படையில் இரண்டிலும் நடப்பது ஒன்றே. இனிப்பு இருக்கிறது, அதை ஈஸ்ட் தின்கிறது, ஆல்கஹால் பிறக்கிறது. மலையில் வெல்லம் ஊறினாலும் நாசிக்கில் திராட்சைச் சாறு ஊறினாலும் வேதியியல் மாறாது. அப்படியானால் ஒன்று கண்ணைப் பறித்து உயிரைக் குடிப்பதும், மற்றொன்று பத்து ஆண்டு கழித்தும் கெடாமல் மேசைக்கு வருவதும் எதனால்? ஒரு புட்டி ஒயினைத் தோட்டத்திலிருந்து பின்தொடர்ந்தால் விடை கிடைக்கிறது. ஒவ்வொரு படியிலும் யாரோ ஒருவர் அளந்து எழுதி வைக்கிறார். எங்கே அந்த எழுத்து நின்றுபோனதோ, அங்கே ஒயினும் ஆளைக் கொன்றிருக்கிறது.

திராட்சை மது தமிழ் மண்ணுக்குப் புதிதல்ல. யவனர் கொண்டுவந்த மணமுள்ள மதுவைப் பாண்டியன் பருகியதைப் புறநானூற்றின் 56-ஆம் பாட்டு சொல்கிறது. புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் 1945-இல் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது, மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து கப்பலில் வந்த ஆம்போரா சாடிகளின் ஓடுகள் கிடைத்தன. ஆனால் அது இறக்குமதி. கொடியை இங்கேயே வளர்த்து, இங்கேயே பிழிந்து, விற்கும் தரத்தில் புட்டியில் அடைப்பது இந்தியாவில் கடந்த நாற்பது ஆண்டுகளில் வேரூன்றிய தொழில்.

தமிழ்நாட்டில் திராட்சை என்றால் கம்பம் பள்ளத்தாக்கு. தேனி மாவட்டத்தின் காமயகவுண்டன்பட்டி, சுருளிப்பட்டி, நாராயணத்தேவன்பட்டி, ஆனைமலையன்பட்டி, ராயப்பன்பட்டி ஊர்களில் தலைக்கு மேலே பந்தல், பந்தல் முழுக்கக் கருநீலக் கொத்து. அங்கே விளைவது பெரும்பாலும் பன்னீர் திராட்சை. உலகம் அதை மஸ்கட் ஹாம்பர்க் என்று அறியும். 2023-இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. வடக்கே ஆண்டுக்கு ஒருமுறை காய்க்கும் கொடி, இங்கே ஆண்டுக்கு இரண்டு அறுவடைக்குக் குறையாமல் தருகிறது. தோட்டத்துக்குத் தோட்டம் கவாத்து நாளை மாற்றி வைப்பதால் பள்ளத்தாக்கில் ஆண்டு முழுவதும் பழம் இருக்கும்.

அந்தப் பழத்தில் ஒயின் வராதா? வரும். சீனாவின் தியான்ஜினில் இதே வகையிலிருந்து பெரிய அளவில் வெள்ளை ஒயின் எடுக்கிறார்கள். ஆனால் உண்பதற்கான திராட்சைக்கும் பிழிவதற்கான திராட்சைக்கும் நோக்கமே வேறு. உண்பதற்குப் பெரிய மணி, மெல்லிய தோல், நிறைய நீர், நிறைய விளைச்சல் வேண்டும். பிழிவதற்குச் சிறிய மணி, தடித்த தோல், அடர்ந்த இனிப்பு, கூடவே புளிப்பும் வேண்டும். நிறமும் துவர்ப்பும் தோலில் இருக்கின்றன. மணி சிறுத்தால் சாற்றுக்குத் தோலின் விகிதம் கூடும். சாற்றிலுள்ள இனிப்பை அளக்கும் பிரிக்ஸ் அளவில் பன்னீர் திராட்சை பெரும்பாலும் 20-க்குக் கீழே நிற்கும். ஒயின் திராட்சையை 22 முதல் 24 வரும்வரை கொடியிலேயே விட்டுவைப்பார்கள். ஒரு லிட்டர் சாற்றில் சுமார் 17 கிராம் சர்க்கரை இருந்தால் ஒரு சதவீதம் ஆல்கஹால் கிடைக்கும். ஆகவே 13 சதவீத ஒயினுக்கு லிட்டருக்கு 220 கிராம் சர்க்கரை தேவை. இந்தக் கணக்கு பிழியும் நாளில் தொடங்குவதில்லை. கவாத்து செய்யும் நாளிலேயே தொடங்கிவிடுகிறது.

கவாத்துதான் வெப்ப நாட்டு ஒயினின் உயிர்நாடி. ஐரோப்பாவில் குளிர்காலத்தில் கொடி இலையை உதிர்த்துத் தூங்கும். வசந்தத்தில் தானே விழிக்கும். இங்கே கொடிக்குத் தூக்கம் கிடையாது. விட்டால் ஆண்டு முழுக்கத் தழைத்துக்கொண்டே போகும், காய்ப்பு பிசகும். ஆகவே நாசிக் பகுதியில் ஆண்டுக்கு இருமுறை வெட்டுகிறார்கள். ஏப்ரல் வாக்கில் அடிக்கவாத்து: மரத்தை ஒட்ட வெட்டிப் புதுக்கிளை வளர விடுவது. மழைக்காலத்தில் பூவும் பிஞ்சும் வந்தால் அடிச்சாம்பலும் அழுகலும் தின்றுவிடும் என்பதால் அந்த மாதங்களில் கொடி இலையோடு நிற்கும். மழை ஓயும் செப்டம்பர், அக்டோபரில் காய்ப்புக் கவாத்து. அதற்குப் பின் வரும் பனிக்காலத்துக் குளிர்ந்த இரவுகளில் பழம் மெல்ல முதிர்ந்து ஜனவரி முதல் மார்ச்சுக்குள் அறுவடை. பகல் வெயில் சர்க்கரையைச் சேர்க்கிறது. இரவுக் குளிர் புளிப்பைக் காக்கிறது. இரவும் சூடாக இருந்தால் புளிப்பு எரிந்துபோகும், மிஞ்சுவது வெறும் தித்திப்பு. புனேயில் 1997 முதல் இயங்கும் தேசியத் திராட்சை ஆராய்ச்சி மையத்தின் வேலைகளில் இந்தக் கவாத்து நாட்காட்டியும் வேர்க்கட்டைத் தேர்வும் முக்கியமானவை. வறட்சியையும் உப்புநீரையும் தாங்கும் டாக்ரிட்ஜ் என்ற வேர்க்கட்டையின்மேல் வேண்டிய வகையை ஒட்டுக் கட்டுவது மகாராஷ்டிரத்தில் இன்று பரவலான வழக்கம்.

நாசிக் எப்படி ஒயின் ஊரானது என்பதற்கு ராஜீவ் சமந்தின் கதை நல்ல சான்று. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் படித்து ஆரக்கிள் நிறுவனத்தில் வேலை பார்த்தவர், 1990-களில் ஊர் திரும்பிக் குடும்ப நிலத்தில் செனின் பிளாங்க், சவிஞோன் பிளாங்க் கொடிகளை நட்டார். கலிஃபோர்னியாவின் கெர்ரி டாம்ஸ்கி தொழில்நுட்பம் சொல்லிக் கொடுத்தார். 2000-இல் அவர் தொடங்கிய சூலா நிறுவனத்தின் முதல் புட்டி வெளிவந்தது. 2022 டிசம்பரில் அந்த நிறுவனம் பங்குச் சந்தைக்கு வந்தது. அவருக்கு முன்பே புனே மாவட்டத்து நாராயண்காவில் ஷாம்ராவ் சௌகுலே 1980-களில் நுரை ஒயின் தயாரித்து வெளிநாட்டுக்கு அனுப்பினார். கர்நாடகத்தின் நந்தி மலை அடிவாரத்தில் கன்வல் குரோவர் 1988-இல் தோட்டம் போட்டார். பிரான்சின் மிஷல் ரோலான் அங்கே ஆலோசகராக வந்தார். இவர்கள் தனித்தனியாக முயன்றதை ஒரு தொழிலாகக் கட்டியது அரசின் கொள்கை. மகாராஷ்டிரம் 2001-இலும் கர்நாடகம் 2007-இலும் ஒயினைச் சாராயத்தோடு ஒரே தராசில் வைக்காமல், விவசாயியின் விளைபொருளைப் பதப்படுத்தும் தொழிலாகப் பார்க்கும் கொள்கையை அறிவித்தன. தமிழ்நாட்டில் 1937 அக்டோபரில் ராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கியதிலிருந்து 2003-இல் சில்லறை விற்பனையை டாஸ்மாக் முழுதாக எடுத்துக்கொண்டது வரை, பேச்சு முழுக்கக் கடையைப் பற்றியதாகவே இருந்தது. தோட்டம் அந்தப் பேச்சில் இடம்பெறவே இல்லை. கம்பத்து விவசாயிக்கு அது இழப்பு.

அறுவடை விடியுமுன்பே தொடங்கும். வெயில் ஏறினால் பறித்த கொத்து கூடையிலேயே நொதிக்க ஆரம்பித்துவிடும். ஆலையில் காம்பைப் பிரித்து மணியை உடைப்பார்கள். சிவப்பு ஒயினுக்குத் தோலோடு சேர்த்து ஊறவிட வேண்டும். வெள்ளைக்குத் தோலை நீக்கிச் சாற்றை மட்டும் எடுக்க வேண்டும். கருநிறத் திராட்சையிலிருந்தும் வெள்ளை ஒயின் எடுக்கலாம் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். பெரும்பாலான வகைகளில் உள்ளே இருக்கும் சதை நிறமற்றது. சில மணி நேரம் மட்டும் தோலோடு வைத்துப் பிரித்தால் இளஞ்சிவப்பு ரோஸே. ஒரு புட்டிக்கு ஒரு கிலோவுக்குச் சற்றுக் கூடுதலாகப் பழம் போகும்.

அடுத்து நொதித்தல். ஈஸ்ட் என்ற உயிர்தான் இதைச் செய்கிறது என்று லூயி பாஸ்டர் 1850-களின் இறுதியில் நிறுவும்வரை, சாறு ஏன் பொங்குகிறது, ஏன் சில பீப்பாய் மட்டும் காடியாகிறது என்று எவருக்கும் தெளிவாகத் தெரியாது. சர்க்கரை ஆல்கஹாலாகவும் கரியமில வாயுவாகவும் பிரியும்போது வெப்பம் எழுகிறது. 35 டிகிரியைத் தாண்டினால் ஈஸ்ட் தளரும், பாதி வழியில் நின்றுபோகும். அந்த இடைவெளியில் காடிக் கிருமி குடியேறும். வெள்ளை ஒயினை 12 முதல் 18 டிகிரியிலும் சிவப்பை 24 முதல் 30 டிகிரியிலும் பிடித்து வைக்க வேண்டும். நாசிக்கில் மார்ச் மாதப் பகலில் வெளியே 35 டிகிரிக்கு மேல். ஆகவே சுற்றிலும் குளிர்நீர் ஓடும் எஃகுத் தொட்டி இல்லாவிட்டால் இந்தியாவில் ஒயின் இல்லை. கொடியையும் மண்ணையும் பற்றி எழுதுபவர்கள் இந்தக் குளிரூட்டும் இயந்திரத்துக்கு உரிய மரியாதை தருவதில்லை. தோட்டத்தில் கவாத்து எதுவோ, ஆலையில் குளிரூட்டல் அதுவே.

சிவப்புச் சாறு பொங்கும்போது தோலெல்லாம் மேலே மிதந்து கெட்டியான மூடிபோல் நிற்கும். அதை நாளுக்குச் சில முறை அமுக்கியோ, கீழிருந்து சாற்றை மேலேற்றியோ நனைப்பார்கள். அப்போதுதான் நிறமும் துவர்ப்பும் இறங்கும். கல்வராயன் மலைவாசிகள் பொறுக்கி விற்கும் கடுக்காயைக் கடித்தால் நாக்கு வறண்டு இழுக்குமே, சிவப்பு ஒயினின் துவர்ப்பும் அதே இனத்தைச் சேர்ந்தது. கடுக்காய்த் துவர்ப்பு தோலைப் பதப்படுத்துகிறது. திராட்சைத் தோலின் துவர்ப்பு ஒயினைப் பல ஆண்டு நிற்க வைக்கிறது. ஒரு வாரம், இரண்டு வாரம் கழித்துச் சக்கையைப் பிழிந்து, அடிமண்டியை விட்டுத் தெளிவை வேறு தொட்டிக்கு மாற்றுவார்கள். பிறகு இன்னொரு கிருமி, ஈனோகாக்கஸ் ஈனி, கூர்மையான மாலிக் அமிலத்தை மென்மையான லாக்டிக் அமிலமாக மாற்றும்.

இங்கேதான் மெத்தனாலைப் பற்றிப் பேச வேண்டும். பழத்தோலிலுள்ள பெக்டின் சிதையும்போது எந்தப் பழ ஒயினிலும் துளி மெத்தனால் உண்டாகும். ஒயினுக்கான பன்னாட்டு அமைப்பு வகுத்த வரம்பு சிவப்பில் லிட்டருக்கு 400 மில்லிகிராம், வெள்ளையிலும் ரோஸேயிலும் 250. அதாவது வரம்பை முழுதாகத் தொட்ட சிவப்பு ஒயினிலும் லிட்டருக்கு அரை மில்லிலிட்டர்தான். 10 மில்லி மெத்தனால் பார்வையைப் பறிக்கலாம், 30 மில்லி உயிரை எடுக்கலாம். அந்த 30 மில்லி சேர 60 லிட்டர் ஒயின் தேவைப்படும். மெத்தனால் தானாகக் கொல்வதில்லை. கல்லீரல் அதை ஃபார்மிக் அமிலமாக மாற்றுகிறது, அந்த அமிலம் பார்வை நரம்பைத் தின்று இரத்தத்தைப் புளிக்க வைக்கிறது. அதனால்தான் குடித்தவருக்கு முதல் சில மணி நேரம் ஒன்றும் தெரியாமல், மறுநாள் வயிற்றுவலியும் கண் மங்கலும் வருகின்றன. கருணாபுரத்தில் நோயாளிகள் அலையலையாக வந்ததும் இதனால்தான். 2023 மே மாதம் மரக்காணம் எக்கியார்குப்பத்திலும் செங்கல்பட்டிலும் 20-க்கும் மேற்பட்டோர் இறந்ததும் இதே நஞ்சால். இந்த அளவு மெத்தனால் எந்த ஊறலிலும் ஊறி வருவதில்லை. பெயின்ட்டுக்கும் வேதிப்பொருளுக்கும் என்று ஆலையில் செய்த சரக்கை யாரோ லாரியில் ஏற்றி, யாரோ இறக்கி, யாரோ பாக்கெட்டில் அடைத்ததால் வருவது.

நொதித்த ஒயினில் சிலவற்றைச் சில மாதத்தில் புட்டியில் அடைத்துவிடுவார்கள். இந்திய வெள்ளை ஒயின்களில் பெரும்பாலானவை இப்படித்தான், அதுவே அவற்றுக்கு நல்லது. சில சிவப்பு ஒயின்கள் 225 லிட்டர் ஓக் பீப்பாயில் ஓராண்டோ அதற்கு மேலோ கிடக்கும். மரத்தின் நுண்துளை வழியே சிறிதளவு காற்று புகுந்து துவர்ப்பு பதமாகும். அடைக்கும்முன் கந்தக டை ஆக்சைடைச் சிறிதளவு சேர்ப்பது உலகெங்கும் உள்ள வழக்கம். காற்றும் கிருமியும் கெடுக்காமல் அது காக்கும்.

தக்கை போர்ச்சுகலின் கார்க் ஓக் மரத்தின் பட்டை. நட்ட மரத்தில் முதல் பட்டை உரிக்க 25 ஆண்டு ஆகும், பிறகு ஒன்பது ஆண்டுக்கு ஒருமுறை. ஆனால் தக்கையில் சில சமயம் டிசிஏ என்ற சேர்மம் இருந்து, நனைந்த அட்டைப்பெட்டி வாடையை ஒயினுக்கு ஏற்றிவிடும். அந்தத் தொல்லைக்காகவே பல ஆலைகள் திருகு மூடிக்கு மாறின. தக்கை இருந்தால் உசத்தி, திருகு மூடி என்றால் மட்டம் என்ற எண்ணத்துக்கு அடிப்படை இல்லை. இளமையிலேயே குடிக்க வேண்டிய ஒயினுக்கு, அதுவும் நம் வெயிலில் லாரியில் வரும் ஒயினுக்கு, திருகு மூடியே பத்திரம்.

மேசைக்கு வரும்போது தமிழ்நாட்டில் நடக்கும் தவறு வெப்பம்தான். சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் பரிமாறு என்ற விதி குளிர்நாட்டு வீடுகளுக்காக எழுந்தது. அங்கே அறை என்றால் 16, 18 டிகிரி. கள்ளக்குறிச்சியில் மே மாத அறை 35 டிகிரி. அந்தச் சூட்டில் ஆல்கஹால் மட்டுமே மூக்கில் ஏறும். சிவப்பையும் அரை மணி நேரம் குளிர்பெட்டியில் வைப்பதே முறை; வெள்ளைக்கு 8 முதல் 12 டிகிரி. உணவுப் பொருத்தத்திலும் ஐரோப்பியப் பாடம் இங்கே அப்படியே செல்லாது. மிளகாய்க் காரத்தோடு துவர்ப்பான சிவப்பு சேர்ந்தால் எரிச்சல் கூடும். லேசான இனிப்புள்ள செனின் பிளாங்க்கும் ரோஸேயும் மீன் குழம்புக்கும் சுக்காவுக்கும் நன்றாக ஈடுகொடுக்கும்.

இதயத்துக்கு நல்லது என்று சொல்லிக்கொண்டு குடிப்பவர்களுக்கு ஒரு செய்தி. 1991-இல் ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சி பரப்பிய அந்த நம்பிக்கை, பின்னால் வந்த ஆய்வுகளில் நிலைக்கவில்லை. ஆல்கஹால் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பட்டியலில் இருக்கிறது. உடல்நலத்துக்குப் பாதுகாப்பான குடி அளவு என்று ஒன்று இல்லை என உலக சுகாதார அமைப்பு 2023 ஜனவரியில் வெளிப்படையாகச் சொன்னது. ஒயினும் அதற்குள் அடக்கம்.

புட்டியின் சீட்டு வெறும் அலங்காரமல்ல. 2019 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் மதுபான விதிகளின்படி ஆல்கஹால் சதவீதம், சல்ஃபைட் விவரம், தயாரித்தவர் முகவரி, எச்சரிக்கை வாசகம் எல்லாம் அதில் இருக்க வேண்டும். ஆலைக்குள் எத்தனை டன் பழம் வந்தது, எத்தனை லிட்டர் சாறானது, எவ்வளவு புட்டியானது என்று கலால் துறைக்குக் கணக்குக் காட்ட வேண்டும்.

இந்தக் கணக்கின் அருமையை ஐரோப்பா விலை கொடுத்துத்தான் கற்றது. 1985-இல் ஆஸ்திரியாவில் சில வியாபாரிகள் ஒயினுக்குத் தடிப்பும் தித்திப்பும் ஏற்ற டைஎத்திலீன் கிளைக்கால் கலந்தது அம்பலமானது. அந்நாட்டு ஒயினை உலகம் ஒதுக்கியது. அதே ஆண்டில் ஆஸ்திரியா கடுமையான ஒயின் சட்டம் இயற்றியது. அடுத்த ஆண்டு மார்ச்சில் இத்தாலி. பியட்மான்ட் பகுதியின் நார்சோலே என்ற சிற்றூரிலிருந்து புறப்பட்ட மலிவு ஒயினைக் குடித்து 20-க்கும் மேற்பட்டோர் இறந்தனர், சிலர் பார்வை இழந்தனர். ஆல்கஹால் அளவை ஏற்றிக் காட்ட அதில் மெத்தனால் ஊற்றப்பட்டிருந்தது. பார்பேரா என்ற அருமையான திராட்சையின் பெயரே கெட்டது, இத்தாலியின் ஏற்றுமதி சரிந்தது. இறந்தவர்கள் குடித்தது சாராயமல்ல, பல நூற்றாண்டு மரபுள்ள நாட்டின் திராட்சை ஒயின். மரபும் மண்ணும் அவர்களைக் காக்கவில்லை. சோதனைக் கூடமும் பதிவேடும் கடுமையான பிறகுதான் பார்பேரா மறுபடி தலை நிமிர்ந்தது.

தமிழ்நாட்டிலும் மெத்தனாலுக்குச் சட்டம் இல்லாமலில்லை. மெத்தில் ஆல்கஹாலை வைத்திருக்கவும் விற்கவும் எடுத்துச் செல்லவும் உரிமம் வேண்டும் என்னும் மாநில விதிகள் 1959 முதல் இருக்கின்றன. கருணாபுரத்துக்குப் பிறகு 2024-இல் மதுவிலக்குச் சட்டம் திருத்தப்பட்டு, உயிர்ப்பலி நேர்ந்தால் ஆயுள் தண்டனை வரை வழி செய்யப்பட்டது. ஓய்வுபெற்ற நீதிபதி கோகுல்தாஸ் தலைமையில் ஒருநபர் ஆணையம் அமைந்தது. அந்த நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் வழக்கை சிபிஐக்கு மாற்றியது.

காய்ச்சியவரையும் விற்றவரையும் பிடிப்பது ஒரு பாதி வேலை. மறுபாதி ஆலை வாசலில் இருக்கிறது. நாசிக்கில் ஒரு தொட்டி ஒயின் சில லிட்டர் குறைந்தாலும் பதிவேட்டில் விளக்கம் எழுத வேண்டியிருக்கிறது. நூறு ரூபாய் மதிப்புள்ள சாற்றுக்கு இருக்கும் அந்தக் கண்டிப்பு, முப்பது மில்லியில் ஆளைக் கொல்லும் திரவத்துக்கு ஒருபடி கூடுதலாகவே இருக்க வேண்டும். அனுப்பிய ஆலையின் ரசீதும், வாங்கிய ஆலையின் ரசீதும், நடுவில் ஓடிய லாரியின் அளவும் ஒவ்வொரு மாதமும் ஒத்துப் பார்க்கப்பட வேண்டும். 1959 விதிகளின் கீழ் உரிமம் வழங்கும் அலுவலகங்களிலேயே இதைத் தொடங்கலாம்.